பருவநிலை மாற்றமும் நாடுகளின் கூட்டு முயற்சியும்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிறு, பருவநிலை மாற்றம் பற்றித் தமிழில் பேசி வருகிறேன். நல்ல கேள்விகள் கூட்டத்தில் வருவதில்லை. பேச்சு முடிந்து தேநீர்க் குவளையோடு நிற்கும்போதுதான் வருகின்றன. அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்கள் பலவிதம், அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: இத்தனை நாடுகள் கூடிப் பேசுவதால் உண்மையிலேயே ஏதாவது குறைகிறதா? குறைகிறது என்றே நினைக்கிறேன். ஆனால், கணக்கு நேர்மையாக எழுதப்படும் இடத்தில் மட்டும்.

பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உலக வெளியேற்றத்தில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடுதானே? நாம் குறைத்து என்ன ஆகப்போகிறது?

எண் சரிதான், பங்கு ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக வெளியிடும் நாடுகள் உலகில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 'நான் சின்னவன்' என்று அவர்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டால் பெரிய நாடுகளைக் கேள்வி கேட்க ஆளே இருக்காது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லாதது. 2024 ஜனவரியில் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். கடலைத் தடுக்க அடுத்த நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். இந்தக் கடலை உயர்த்துவதில் 99.9 விழுக்காடு மற்ற நாடுகளின் வேலை. அவர்கள் குறைத்தால்தான் நமக்கு விடிவு. நாம் குறைக்காமல் அவர்களைக் குறைக்கச் சொல்ல வாய் வராது.

ஊரில் இருக்கும் என் அத்தான், "நாள் முழுக்க ஏர்கான் போட்டு உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு உபதேசமா?" என்கிறார். என்ன பதில் சொல்ல?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 2022இல் சிங்கப்பூரின் மொத்த வெளியேற்றம் 58.6 மில்லியன் டன். தலைக்கு வகுத்தால் 10 டன்னுக்குச் சற்று மேல். இந்தியாவில் ஒருவருக்கு வரும் கரியமில வாயு 2 டன் அளவில்தான்.

நம் கணக்கில் பெரும்பகுதி வீட்டு ஏர்கான் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லலாம். ஜூரோங் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் மின்நிலையங்களும்தான் அதிகம். அந்த ஆலைகளில் செய்த பொருள்களை உலகமே வாங்குகிறது, புகை மட்டும் நம் பெயரில் எழுதப்படுகிறது. அதே நேரம், அந்த ஏற்றுமதியில்தான் நாம் வளமாக வாழ்கிறோம். ஆகவே இதைச் சாக்காகச் சொல்லவும் முடியாது.

1992இல் உருவான ஐநா பருவநிலை உடன்படிக்கையே இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கிறது. பொறுப்பு எல்லாருக்கும் பொது, அளவு அவரவர் வரலாற்றையும் வசதியையும் பொறுத்தது. இந்தியா 2070ஐயும் சிங்கப்பூர் 2050ஐயும் நிகர பூஜ்ய ஆண்டாக (வெளியிடுவதில் உறிஞ்சுவதைக் கழித்தால் மிச்சம் இல்லாத நிலை) வைத்திருப்பதை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பாரிஸ் ஒப்பந்தத்தை மீறினால் அபராதம் உண்டா?

இல்லை.

அப்படியானால் எதற்கு அந்த ஒப்பந்தம் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு முன்பிருந்த கியோட்டோ உடன்பாட்டில் (1997) வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் கட்டாய இலக்கு இருந்தது. அமெரிக்கா அதை உறுதிசெய்யவே இல்லை. கனடா பாதியில் வெளியேறியது. கட்டாயப்படுத்தினால் ஓடிவிடுகிறார்கள் என்ற கசப்பான அனுபவத்தில் பிறந்தது பாரிஸ் ஒப்பந்தம். 2015 டிசம்பரில் ஏற்கப்பட்டது. சிங்கப்பூர் 2016 செப்டம்பரில் உறுதிசெய்தது. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதித் தரும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைக் கூட்ட வேண்டும், செய்ததை எல்லார் முன்னும் அறிக்கையாக வைக்க வேண்டும்.

இதன் பலன் என்ன? ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, ஒப்பந்தம் வந்தபோது உலகம் இந்த நூற்றாண்டில் 3 முதல் 3.5 டிகிரி வெப்ப உயர்வை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது நடப்பில் உள்ள கொள்கைகள் தொடர்ந்தால் 2.8 டிகிரி என்கிறது அதன் 2025 அறிக்கை. ஒப்பந்தம் கேட்டதோ 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே, முடிந்தால் 1.5. நகர்ந்திருக்கிறோம், போதவில்லை. 2024ஆம் ஆண்டு தனியாகவே 1.5ஐத் தாண்டிவிட்டது. ஒரே ஓர் ஆண்டு தாண்டியதால் ஒப்பந்தம் முறிந்ததாகாது, ஏனெனில் அது பல ஆண்டுகளின் சராசரியைத்தான் பார்க்கிறது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனம் கனத்தது.

அமெரிக்காவே விலகிவிட்டதே. இனி மற்றவர்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்?

2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பதவியேற்ற அன்றே விலகல் உத்தரவில் கையெழுத்திட்டார். இது இரண்டாவது முறை. பெரிய இழப்பு, அதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. ஆனால் மற்ற பெரிய நாடுகள் அதன் பின்னால் வரிசையாக வெளியேறவில்லை. அடுத்த மாதமே சிங்கப்பூர் 2035க்கான தன் இலக்கைச் சமர்ப்பித்தது.

சிங்கப்பூரின் இலக்குதான் என்ன?

2030இல் சுமார் 60 மில்லியன் டன். 2035இல் 45 முதல் 50 மில்லியன் டன். 2050இல் நிகர பூஜ்யம். இதில் 2030 எண்ணைவிட 2035 எண்தான் கடினமானது. ஐந்தே ஆண்டில் 10 முதல் 15 மில்லியன் டன் குறைய வேண்டும். வெளிநாடுகளின் கை இல்லாமல் அது நடக்காது.

ஏன் நடக்காது? கூரைகளில் எல்லாம் சூரிய மின்தகடு போட்டால் போதாதா?

போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் மாடிகளில் பார்த்திருப்பீர்கள். தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021இல் திறந்த மிதக்கும் சூரிய மின்நிலையம் 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்டது. 1,22,000 தகடுகள், சுமார் 45 காற்பந்துத் திடல் அளவு. அப்படியும் நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவு இன்னும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது.

நாட்டின் மொத்த நிலமே சுமார் 735 சதுர கிலோமீட்டர். காற்றாலை சுழலப் போதிய காற்று இல்லை, அணைகட்டி மின்சாரம் எடுக்கும் அளவுக்கு ஆறு இல்லை. தமிழ்நாட்டில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் பக்கம் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும், காற்று என்றால் என்ன, இடம் என்றால் என்ன என்று. இரண்டும் நம்மிடம் இல்லை. அதனால்தான் அண்டை நாடுகளோடு மின்கம்பியால் கை கோக்க வேண்டியிருக்கிறது.

லாவோஸிலிருந்து மின்சாரம் வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2022 ஜூனில் தொடங்கியது. லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை வந்தது. அது 2020இல் நம் உச்சத் தேவையின் சுமார் 1.5 விழுக்காடு. பிறகு 200 மெகாவாட் வரை உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். அளவு சிறியதுதான். ஆனால் நான்கு நாடுகள் சேர்ந்து ஆசியானில் மின்சாரம் வாங்கி விற்றது அதுதான் முதல்முறை. ஆசியான் மின்கட்டமைப்பு என்ற யோசனை 1990களிலிருந்தே பேச்சில் இருக்கிறது. எந்த நாட்டுக் கம்பி, யாருக்கு எவ்வளவு கூலி, தடைபட்டால் யார் பொறுப்பு என்று உட்கார்ந்து முடிவு செய்யவே இத்தனை காலம் பிடித்தது.

அடுத்த அடி பெரியது. 2035க்குள் சுமார் 6 கிகாவாட் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்வது என்று 2024இல் இலக்கை உயர்த்தினார்கள். இந்தோனேசியா, கம்போடியா, வியட்னாம், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து கொண்டுவரும் திட்டங்களுக்கு எரிசக்திச் சந்தை ஆணையம் நிபந்தனையுடன் ஒப்புதல் தந்திருக்கிறது. பலவற்றுக்குக் கடலடியில் புதிய கம்பி போட வேண்டும். நிபந்தனையுடன் ஒப்புதல் என்றால் மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பணம் திரட்டி, கம்பி பதித்து முடிக்கும்வரை அவை காகிதத்தில்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. லாவோஸ் வழியாக ஓடும் மெக்கோங் ஆற்றில் கட்டும் அணைகள் மீன்களின் வழியையும் வண்டலையும் தடுக்கின்றன. நமக்குச் சுத்தமான மின்சாரம் வருவது இன்னொரு ஊரின் மீனவருக்கு நட்டமாக முடியலாம். வாங்குகிறவர் இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கார்பன் கிரெடிட் என்பது காசு கொடுத்துப் பாவத்தைக் கழுவுவதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கானாவில் ஒரு காடு அழிவதைத் தடுக்கிறார்கள் என்று வையுங்கள். அதனால் ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலக்கவில்லை. அந்த வேலைக்குச் சிங்கப்பூர் பணம் கொடுத்து, அந்த ஒரு டன்னைத் தன் இலக்கில் கழித்துக்கொள்கிறது. வாயுவுக்கு எல்லை கிடையாது, எங்கே குறைந்தாலும் குறைவு குறைவுதான். அதுவரை சரி.

சிக்கல் கணக்கெழுதுவதில். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் 100 வெள்ளி மொய் வைக்கிறார். நோட்டில் அண்ணன் பெயரில் 100, தம்பி பெயரிலும் அதே 100 என்று எழுதினால், நோட்டு 200 சொல்லும், பெட்டியில் 100தான் இருக்கும். கானாவும் அந்த டன்னைத் தன் சாதனையாக எழுதி, நாமும் எழுதினால் அதே கதைதான். காகிதத்தில் இரண்டு டன், காற்றில் ஒன்று.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு இதைத்தான் தடுக்கிறது. விற்ற நாடு அந்த ஒரு டன்னைத் தன் வெளியேற்றக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். சொல்ல ஒரு வரிதான். விதிகளை எழுதி முடிக்க, 2015 பாரிஸ் முதல் 2024இல் அசர்பைஜானின் பாகுவில் நடந்த பருவநிலை மாநாடு வரை ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதில் நம் அமைச்சர் கிரேஸ் ஃபூ, 2021இல் கிளாஸ்கோவில் நார்வே அமைச்சரோடும் 2024இல் பாகுவில் நியூசிலாந்து அமைச்சரோடும் சேர்ந்து, ஒத்துப்போகாத தரப்புகளை உட்காரவைத்துப் பேசவைக்கும் பொறுப்பில் இருந்தார். ஒரு சின்ன நாட்டை நம்பி அந்த வேலையைக் கொடுத்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சிங்கப்பூர் முதலில் பாப்புவா நியூ கினியோடும் (2023), அடுத்து கானாவோடும் (2024) ஒப்பந்தம் செய்தது. பிறகு பூட்டான், பெரு, சிலி என்று பட்டியல் நீண்டது. கானா ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயங்கள்: விற்பனைப் பங்கில் 5 விழுக்காடு கானாவின் பருவநிலைத் தற்காப்புப் பணிக்குப் போக வேண்டும். அப்புறம், கிரெடிட்டுகளில் 2 விழுக்காட்டை யாரும் பயன்படுத்தாமல் ரத்து செய்ய வேண்டும். அந்த 2 விழுக்காடுதான் பூமிக்குக் கிடைக்கும் உண்மையான உபரி.

2025இல் கானா, பெரு, பராகுவே நாடுகளின் நான்கு இயற்கைத் திட்டங்களிலிருந்து 2.175 மில்லியன் டன் கிரெடிட்டுகளை வாங்க அரசாங்கம் 76 மில்லியன் வெள்ளிக்கு ஒப்பந்தம் செய்தது. வகுத்துப் பார்த்தால் டன் ஏறத்தாழ 35 வெள்ளி.

அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது. காப்பாற்றியதாகச் சொன்ன காடு நாளை தீப்பிடிக்கலாம். யாரும் வெட்டவே போகாத காட்டைக் 'காப்பாற்றியதாக' எழுதி விற்றவர்களும் உலகச் சந்தையில் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் சிங்கப்பூர் ஏழு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. இருமுறை எண்ணக் கூடாது, பணம் வராவிட்டால் அந்த வேலை நடந்திருக்கக் கூடாது, பலன் நிலைத்திருக்க வேண்டும், இங்கே காத்து அங்கே வெட்டக் கூடாது, உள்ளூர் மக்களுக்குக் கேடு கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். நிபந்தனை எழுதுவதைவிட, பத்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்ப்பதுதான் கடினம். அதைச் செய்கிறார்களா என்று நாம் விடாமல் கேட்க வேண்டும்.

நிறுவனங்கள் எல்லாவற்றையும் கிரெடிட் வாங்கியே சமாளித்துவிடாதா?

முடியாது. கரிம வரி (வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் அரசாங்கத்துக்குச் செலுத்துவது) கட்டும் நிறுவனம், வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரைதான் வெளிநாட்டுக் கிரெடிட்டால் ஈடுகட்டலாம். மீதிக்கு வரி கட்டியே ஆக வேண்டும்.

கரிம வரி எவ்வளவு? கடைசியில் அது நம் மின்கட்டணத்தில்தானே விடிகிறது?

2019இல் டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கியது, தென்கிழக்காசியாவில் முதல். 2024இல் 25, 2026இல் 45, 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் சுமார் 50 ஆலைகள் கட்டுகின்றன.

ஆம், ஒரு பகுதி நம்மிடம் வருகிறது. 25 வெள்ளி விகிதத்தில் நாலறை வீவக வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. அதற்கு ஈடாக, மின், தண்ணீர்க் கட்டணத்தில் கழிக்கும் யு-சேவ் தள்ளுபடி, தண்ணீரும் மின்சாரமும் மிச்சப்படுத்தும் பொருள் வாங்கப் பருவநிலைப் பற்றுச்சீட்டு ஆகியவை வந்தன. என் மனதை உறுத்துவது வேறு: வெளிநாடுகளோடு போட்டியிடும் பெரிய ஆலைகளுக்குத் தற்காலிகச் சலுகை தரப்படுகிறது. வரி இல்லாத நாட்டுக்கு ஆலை பெயர்ந்துவிடும் என்ற பயம் நியாயம்தான். அதற்கு உண்மையான மருந்து, பக்கத்து நாடுகளும் ஓரளவு ஒரே மாதிரி வரி போடுவது. அதற்கும் கூடிப் பேசத்தான் வேண்டும்.

கப்பல்களின் புகை யார் கணக்கில் வருகிறது?

கிழக்குக் கடற்கரையில் நின்று பார்த்தால் அடிவானம் முழுக்கக் கப்பல். உலகிலேயே அதிகம் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம் சிங்கப்பூர். 2024இல் விற்றது ஏறத்தாழ 55 மில்லியன் டன். ஒரு டன் எரிபொருள் எரிந்தால் 3 டன்னுக்குச் சற்று மேல் கரியமில வாயு வரும். பெருக்கினால் 170 மில்லியன் டன் அளவு. நம் நாட்டு மொத்தக் கணக்கைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு! ஆனால் ஐநா விதிப்படி, அனைத்துலகப் பயணத்துக்கு விற்கும் எரிபொருள் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. தனியாகக் குறிப்பிடுவதோடு சரி.

இந்த அனாதைக் கணக்கைப் பார்க்க வேண்டியது அனைத்துலகக் கடல்துறை அமைப்பு. 2050வாக்கில் நிகர பூஜ்யம் என்று 2023இல் முடிவெடுத்தார்கள். கப்பல் வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் விதிகளும் 2025 ஏப்ரலில் தயாராயின. அக்டோபரில் அவற்றை ஏற்கக் கூடியபோது, முடிவை ஓராண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனாலும் துறைமுகங்கள் சும்மா இல்லை. சிங்கப்பூரும் ரோட்டர்டாமும் 2022இல் பசுமைக் கப்பல் வழித்தடம் தொடங்கின. மெத்தனால், அம்மோனியா போன்ற எரிபொருள்களைப் பாதுகாப்பாக நிரப்பும் முறைகளும் இங்கே சோதிக்கப்படுகின்றன.

விமானமும் இதே கதைதான், அங்கே பொறுப்பு அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புக்கு.

புகைமூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம். 2015 செப்டம்பர் 25 அன்று இங்கே பள்ளிகளை மூடினார்கள், நினைவிருக்கும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்தது வெறும் மரம் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரி மண். அது மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகையும். அந்த ஆண்டில் சில நாள்கள் இந்தோனேசியத் தீயின் வெளியேற்றம் மொத்த அமெரிக்காவின் அன்றாட வெளியேற்றத்தைத் தாண்டியது.

ஆசியான் புகைமூட்ட உடன்பாடு 2002இல் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை உறுதிசெய்தது 2014இல். பன்னிரண்டு ஆண்டு! அதே 2014இல் சிங்கப்பூர், எல்லைக்கு வெளியே தீ வைத்து இங்கே புகை அனுப்பும் நிறுவனங்களைத் தண்டிக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் பிற நாட்டு மண்ணில் யார் நிலம் எது என்று காட்டும் வரைபடம் இல்லாமல் வழக்கு நகராது. அதை அந்த நாடுதான் தர வேண்டும். கரி மண்ணை ஈரமாக வைத்திருப்பதும் அங்குள்ள விவசாயிகளால்தான் முடியும்.

ஏழை நாடுகளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பணம் போய்ச் சேருகிறதா?

தாமதமாக. 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் அமெரிக்க டாலர் என்று 2009இல் வாக்குக் கொடுத்தார்கள். அதை முதன்முதலில் எட்டியது 2022இல். பாகுவில், 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் என்றார்கள். அதில் பெரும்பகுதி கடனாகவே வருவது பெரிய குறை. வெள்ளத்தில் வீடிழந்தவருக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூருக்கு இதில் கட்டாயப் பங்கு இல்லை. ஆனாலும் ஆசியாவின் எரிசக்தி மாற்றத்துக்குத் தனியார் பணத்தை இழுக்கும் நிதித்திட்டத்துக்கு 500 மில்லியன் அமெரிக்க டாலர் வரை சலுகை நிதி தருவதாகப் பாகுவில் அறிவித்தது.

சரி, இப்படிப்பட்ட உலக ஒப்பந்தம் எதாவது உருப்படியாக நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அது உங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது.

ஓசோன் படலத்தில் ஓட்டை என்று 1980களில் உலகமே பதறியது. ஏர்கானிலும் குளிர்பதனப் பெட்டியிலும் இருந்த வாயுதான் காரணம் என்று தெரிந்ததும் 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு செய்தார்கள். உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்தன. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும், மாறுவதற்கான செலவுக்கு ஒரு நிதியும் கொடுத்தார்கள். வணிகத்தில், சேராத நாட்டுக்கு அந்தப் பொருள் கிடைக்காது என்றும் வைத்தார்கள். இன்று ஓசோன் படலம் ஆறி வருகிறது. அண்டார்ட்டிக்காவுக்கு மேலே 2066வாக்கில் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

ஆனால் மாற்றாக வந்த வாயுக்கள் ஓசோனைக் கெடுக்காவிட்டாலும் பூமியைச் சூடாக்கின. பழைய ஏர்கான்களில் இருக்கும் ஆர்410ஏ, எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 2,088 மடங்கு சூடாக்கும். 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் கூடி, இவற்றையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். முழுமையாக நடந்தால் நூற்றாண்டு இறுதிக்குள் 0.5 டிகிரி வரை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம். சிங்கப்பூர் 2022இல் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல், சூடாக்கும் திறன் 750க்கு மேல் உள்ள வாயுவைப் பயன்படுத்தும் வீட்டு ஏர்கான்களை இங்கே விற்பனைக்குக் கொண்டுவரத் தடை. அதனால்தான் இப்போது கடையில் ஆர்32 என்ற பெயர் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. அதன் அளவு 675.

பழைய ஏர்கானைக் கழற்றும்போது நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. வெளிப்பெட்டியின் பக்கவாட்டு வில்லையில் எந்த வாயு, எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். ஆர்410ஏ ஒரு கிலோ காற்றில் போனால் இரண்டு டன்னுக்குமேல் கரியமில வாயுவுக்குச் சமம். கழற்ற வருபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: "வாயுவை உருளையில் திரும்பப் பிடிப்பீர்களா, குழாயைத் திறந்துவிடுவீர்களா?" திறந்துவிடுவோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கொஞ்சம் கூடுதல் கூலி கேட்கலாம், அந்த வேலைக்குத் தனிக் கருவியும் நேரமும் தேவை. என் வீட்டில் மாற்றியபோது அதற்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது.